யார் பெயரில்

மஸ்ஜித் பந்தரில் மூன்றாம் மாடி.
மாலுமிகளைக் கப்பலேற்றும் அலுவலகம்.
மெயில் சர்வர் இருப்பது
கேர்ஸி சாரின் பழைய குளியலறையில்.
குழாயை அடைத்து ஏசி மாட்டியவர்கள்
வாஷ்பேசினை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள்.
என் டீ கிளாஸ் அதில்தான் நிற்கிறது.

பதினொரு நாளாக
எல்லார் பெட்டியிலும் லாட்டரி விழுகிறது.
வழுக்கையில் முடி முளைக்கிறது.
மங்கேஷுக்குக் கடன் கொடுக்க
நாற்பது வங்கிகள் தவிக்கின்றன.
கணக்கு வைத்திருக்கும் வங்கி மட்டும்
அதில் இல்லை என்கிறான்.

வடிகட்டி சாகவில்லை.
கேட்டால் ஓடுகிறேன் என்று பச்சையில் பதில்.
லாக்கைத் திறந்தால்
வினாடிக்கு வினாடி
அனுமதி மறுக்கப்பட்டது
அனுமதி மறுக்கப்பட்டது
கதவைத் தட்டிக்கொண்டே
வேலையும் பார்த்திருக்கிறது, பாவம்.

எது குப்பை எது கடிதம் என்று
நாலு வருஷமாக அது கற்ற சொற்களெல்லாம்
ஒரு கோப்பில்.
உரிமையாளர்: ரூட்.
உரிமை: அறுநூறு.
அதாவது உடையவன் படிக்கலாம், எழுதலாம்.
மற்ற எவனும் வெளியே நில்.

ட்ரிபிள் செவன் போட்டுவிட்டுக் கிளம்பு,
கடைசி வண்டி போய்விடும் என்று
மங்கேஷ் பையை மாட்டினான்.
வாசலைத் திறந்துபோட்டு ஊருக்குப் போகிற வேலை அது.
நானும் ஒருமுறை செய்திருக்கிறேன், பூனாவில்.
அந்தக் கதை இப்போது வேண்டாம்.

கோப்பையும் ஃபோல்டரையும்
வடிகட்டியின் பெயருக்கு மாற்றினேன்.
மறுபடி அதே வரி.
அரைமணி நேரம் கோப்பையே முறைத்தேன்.
தப்பு அதில் இல்லை, அதற்கு மேலே:
ஃபோல்டருக்கு எக்ஸ் இல்லை.

செம்பூரில் வீடு கிடைத்த நாள்.
சாவி என் கையில். ஒப்பந்தம் என் கையில்.
செக்ரட்டரி கையெழுத்து எங்கே என்று
சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன் குச்சியை நீட்டினான்.
டெம்போவில் மெத்தை நனைந்துகொண்டிருந்தது.
எக்ஸ் அந்த கேட்தான்.
படிக்க அல்ல, எழுத அல்ல,
தாண்டிப்போக.

போட்டேன். லாக் வாயை மூடியது.

யார் செய்த வேலை என்று தேடினேன்.
மங்கேஷ் மேல்தான் சந்தேகம், மறைக்கவில்லை.
ஹிஸ்டரி சொன்னது:
பதினொரு நாள் முன்பு, இரவு பதினொன்று நாற்பது.
ரூட்டாகவே உட்கார்ந்து
வடிகட்டிக்குப் புதுக் குப்பையைக் கற்றுக்கொடுத்து,
பாதுகாப்பு என்று மொத்த ஃபோல்டருக்கும்
அறுநூறு போட்டுவிட்டு
வண்டியைப் பிடிக்க ஓடியது
நான்.

ஒதுக்கிவைத்த கடிதங்கள்
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
கற்றதெல்லாம் எட்டாமல் போனபின்
வெறும் விதிகளைக் கொண்டு பிரித்திருக்கிறது:
பெரிய எழுத்து. ஆச்சரியக்குறி. டாலர்.
கேள்விப்படாத துறைமுகத்து முகவரி.

லெயோன் பர்னாந்து, மோட்டார்மேன், தூத்துக்குடி.
அவசரம் அவசரம் அவசரம் என்று தலைப்பு,
எல்லாம் பெரிய எழுத்தில்.
ஐந்து மாதச் சம்பளம் நாலாயிரத்து இருநூறு டாலர்!!!
ஜிபூட்டிக்கு வெளியே நங்கூரம்!!!
குடிதண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர்!!!
உடனே பதில் போடவும் ஐயா!!!
ஒன்பது நாளைக்கு முந்தியது.

இரண்டாவது, ஆறு நாளைக்கு முன்.
மூன்றாவது, நேற்று.
அதில் ஆச்சரியக்குறி இல்லை.

கேர்ஸி சாரை எழுப்பினேன்.
மணி இரண்டே கால்.
தூக்கக் குரலில் மூன்று தடவை
கப்பல் பேரைக் கேட்டார்.
பிறகு விளக்கு போடும் சத்தம்.

மூன்று கடிதங்களையும் எடுத்து
இது குப்பை அல்ல என்று
வடிகட்டிக்குக் கொடுக்க வேண்டும்.
என்டர் தட்டப்போன விரலை நிறுத்தி
நான் இப்போது யார் என்று
திரையைக் கேட்டேன்.
ரூட், என்றது.

வெளியே வந்து
அதன் பெயரில் நுழைந்து
மறுபடி கேட்டுவிட்டுத்
தட்டினேன்.